பினாங்கில் நான்கு நாள்: பண்ணை, கோயில், சுவர் ஓவியம் எந்த வரிசையில்?

ஜூன் மாதம் நான்கு நாள் பினாங்கு வருகிறோம், அறுபது தாண்டிய அப்பா அம்மாவும் பத்து வயது மகனும் கூட வருகிறார்கள், தங்குவது ஜார்ஜ் டவுனில், பண்ணைகள், கோயில்கள், சுவர் ஓவியங்கள் மூன்றையும் பார்க்க வேண்டும், எதை எப்போது வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தத் தீவிலேயே வசிப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் தீவின் கிழக்குக் கரையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆர்மீனியன் தெருவில் படம் எடுத்து, கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ரயிலில் ஏறி இறங்கி, கெக் லோக் சி பௌத்தக் கோயிலைப் பார்த்து, அவ்வளவுதான். மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே, ஜாதிக்காய்த் தோப்பும் டுரியான் தோட்டமும் வயலும் உள்ள இன்னொரு பினாங்கு இருக்கிறது. தீவே மொத்தம் 300 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான், ஒரே நாளில் காரில் முழுவதும் சுற்றி வந்துவிடலாம். அந்த ஒரு நாளை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

என் யோசனை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். எல்லோரும் முதலில் சுவர் ஓவியங்களைப் பார்க்க ஓடுவார்கள், நீங்கள் அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. பிரான்சிஸ் லைட் 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவைப் பிடித்த பிறகு இங்கே மிளகு போட்டார்கள், பிறகு இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார்கள். அந்தத் தோட்டங்களுக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்கள்தான் தமிழர்கள், சீனர்கள், பர்மியர்கள், சயாமியர்கள், அரபுகள் எல்லோரும். அவரவர் கோயிலை அவரவர் கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய அன்றாட வாழ்க்கைதான் இன்றைக்குச் சுவர்களில் படமாக இருக்கிறது. தோட்டம், கோயில், சுவர் என்று இந்த வரிசையில் பார்த்தால் ஒன்று இன்னொன்றைப் புரியவைக்கும். நேராகச் சுவருக்குப் போனால் அது படம் எடுத்துக்கொள்ளும் இடம் மட்டும்தான்.

வந்து இறங்கும் நாள் மாலையில் பெரிதாக எதுவும் வைக்காதீர்கள். குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கு மட்டும் போங்கள், 1833இல் ஏற்பட்ட கோயில், தீவிலேயே பழைய இந்துக் கோயில். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய, படகு ஓட்டிய நம் ஆட்கள் குடியிருந்த பகுதி அது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலை ஐந்துக்கு மேல் போனால் அம்மா அப்பாவுக்கு நிம்மதியான தரிசனம் கிடைக்கும். வெளியே வந்தால் லிட்டில் இந்தியா, பூக்கடை, பலகாரக் கடை, துணிக்கடை எல்லாம் அந்த நாலு தெருவுக்குள்ளேயே. அங்கிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு இரண்டு நிமிட நடைதான். அந்த ஒரே சாலையை ஒட்டி 1801இல் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல், இந்த மாரியம்மன் கோயிலின் பின்பக்கம், சீனர்களின் கருணைத் தேவி கோயில், 1818இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் வரிசையாக நிற்கும். ஒருவர் வழிபாட்டுச் சத்தம் இன்னொருவருக்குக் கேட்கிற தூரம். இருநூறு வருடமாக இப்படியே இருக்கிறார்கள். எனக்கு இந்தத் தீவிலேயே மிகவும் பிடித்த நடை இதுதான்.

இரண்டாம் நாள் தீவைச் சுற்றுங்கள். ஓட்டுநரோடு ஒரு காரை நாள் முழுவதற்கும் பேசிக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலியில் அழைக்கும் கிராப் கார் நகரத்துக்குள் உடனே கிடைக்கும், மேற்குப் பக்கம் போன பிறகு திரும்பி வரக் கிடைப்பது கஷ்டம். ரேப்பிட் பினாங்கு பேருந்திலும் போகலாம். 101ஆம் எண் பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பாஹாங் வரை போகும், 401இ பாலிக் பூலாவுக்குப் போகும். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள மலைப்பாதையில் பேருந்து அரிது, பெரியவர்களை வெயிலில் நிறுத்திக் காத்திருக்கவைக்க வேண்டாம். ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கிறதே என்று யோசிக்காதீர்கள். தெலுக் பாஹாங்குக்கு அப்பால் சாலை முழுக்க வளைவு, மழை பெய்தால் வழுக்கும்.

காலை எட்டரைக்குக் கிளம்பி வடக்குக் கரை வழியாகப் போங்கள். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் நிற்க வேண்டாம், நம் ஊர்க் கடற்கரைகளைப் பார்த்தவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அதைத் தாண்டி, தெலுக் பாஹாங்குக்குச் சற்று முன்னால், கடலைப் பார்த்த சரிவில் டிராபிக்கல் ஸ்பைஸ் கார்டன் இருக்கிறது. கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்தைத் திருத்தி 2003இல் திறந்தார்கள். ஏலம், பட்டை, மிளகு, கிராம்பு, மஞ்சள், இஞ்சியில் எத்தனையோ வகை என்று நாம் அஞ்சறைப் பெட்டியில் மட்டும் பார்க்கிற எல்லாவற்றையும் செடியாக, கொடியாக, மரமாகப் பார்க்கலாம். அம்மாவுக்கு இது நிச்சயம் பிடிக்கும். வழிகாட்டி கூட வரும் சுற்றுக்குப் பதிந்துகொள்ளுங்கள், இலையைக் கசக்கி முகரக் கொடுத்து அவர்கள் சொல்லும்போதுதான் இந்தத் தோட்டம் உயிர் பெறும். பாதை ஏற்ற இறக்கம்தான், ஆனால் உட்கார இடம் உண்டு. கொசு கடிக்கும், தைலம் தடவிக்கொண்டு போங்கள்.

அடுத்து, பையனுக்காக எண்டோப்பியா. 1986இல் பட்டாம்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கி, 2016இல் பெரிதாக்கி இந்தப் பெயர் வைத்தார்கள். கூரைக்குக் கீழே தோட்டம், தலைமேலும் தோள்மேலும் பட்டாம்பூச்சி வந்து உட்காரும். கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்றால் முற்பகலில் போவது நல்லது, வெயில் ஏறிய பிறகு அவை பறந்து திரிவதைப் பார்க்கலாம்.

அங்கிருந்து அணைக்கட்டைத் தாண்டி மலைமேல் ஏறும் சாலைதான் இந்த நாளின் சுகமே. இரண்டு பக்கமும் காடு, பழத்தோட்டம், தித்தி கெராவாங் அருவி. அருவியில் தண்ணீர் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அங்கே பழக்கடைகள் உண்டு, நிறுத்தி ஜாதிக்காய்ச் சாறு குடியுங்கள். நமக்கு ஜாதிக்காய் என்றால் கொட்டை, ஜாதிபத்திரி என்றால் அதைச் சுற்றிய சிவப்பு இழை. வெளியே இருக்கும் சதைப்பற்றை நாம் பார்த்ததே இல்லை. இங்கே அந்தச் சதையைத்தான் சாறு பிழிகிறார்கள், சர்க்கரையில் ஊறவைத்துக் காயவைத்து விற்கிறார்கள். 1860களில் ஒரு நோய் வந்து தீவின் ஜாதிக்காய்த் தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்துபோனது, இப்போது பார்ப்பவை பாலிக் பூலாவ் பக்கத்துச் சிறு விவசாயிகள் காப்பாற்றி வைத்திருப்பவை. பாலிக் பூலாவில் ஜாதிக்காய் பதப்படுத்தும் பழைய ஆலை ஒன்றும் உண்டு, பழத்தை வெட்டி மூன்றையும் தனித்தனியாக எடுத்துக் காட்டுவார்கள்.

ஜூனில் வருவதால் டுரியான் பருவத்தில் வருகிறீர்கள், அதிர்ஷ்டம்தான். இங்கே டுரியானை மரத்திலிருந்து பறிப்பதில்லை, தானாக விழும் வரை காத்திருப்பார்கள். பெரும்பாலும் இரவில் விழும். மரத்துக்குக் கீழே வலை கட்டி வைத்திருப்பதைத் தோட்டங்களில் பார்க்கலாம், விடியற்காலையில் பொறுக்கி எடுத்து அன்றைக்கே விற்றுவிடுவார்கள். விழுந்த சில மணி நேரத்துக்குள் சாப்பிடும் பழத்துக்கும் நகரத்துக் கடையில் மறுநாள் சாப்பிடும் பழத்துக்கும் சம்பந்தமே இல்லை. முசாங் கிங் என்ற பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம். பாலிக் பூலாவ் வந்தால் இந்த ஊர் வகையான ஆங் ஹே கேளுங்கள், ஆரஞ்சு கலந்த சிவப்புச் சதை, இனிப்போடு கடைசியில் மெல்லிய கசப்பு. கசப்பு கூடிய பழம், இனிப்பு மட்டும் உள்ள பழம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் தோட்டக்காரர் சந்தோஷமாகத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். கிலோ விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், எடை ஓட்டோடு சேர்த்துத்தான் போடுவார்கள். சாப்பிட்ட பிறகு மங்குஸ்தீன் சாப்பிடச் சொல்வார்கள், டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி என்பது இங்கே எல்லா இனத்தாருக்கும் உள்ள நம்பிக்கை. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் ஒரு சுளையோடு நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைக் கட்டிக்கொண்டு விடுதிக்குப் போகாதீர்கள், எந்த விடுதியிலும் உள்ளே விடமாட்டார்கள்.

பாலிக் பூலாவ் சின்ன ஊர், ஒரே கடைத்தெரு. இங்கே லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பு பெயர்பெற்றது, புளிச்சாறில் ஒன்று, தேங்காய்ப் பாலில் ஒன்று. இரண்டிலும் மீன் உண்டு என்பதைச் சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும். அம்மா அப்பா சுத்த சைவம் என்றால் மதிய உணவை லிட்டில் இந்தியாவிலிருந்து கட்டிக்கொண்டு வருவதுதான் நல்லது, இந்தப் பக்கம் கிடைப்பது சிரமம். சாப்பிட்டு முடித்து சுங்கை பூரோங் பக்கம் வயல்வெளிக்குப் போங்கள். பினாங்கு என்றால் அடுக்குமாடிக் கட்டடமும் மின்னணுத் தொழிற்சாலையும் என்று நினைத்திருப்பவர்களுக்கு, பின்னால் மலை, முன்னால் நெல், நடுவே கொக்கு என்று ஒரு தஞ்சாவூர்ப் பக்கத்துக் காட்சி. ஆட்டுப் பண்ணை ஒன்றும் இந்த ஊரில் இருக்கிறது, பையன் தழை கொடுத்து விளையாடலாம், ஆட்டுப்பால் வாங்கிக் குடிக்கலாம். இந்த ஊர்ச் சுவர்களிலும் ஓவியம் உண்டு. ரஷ்ய ஓவியர் யூலியா வோல்ச்கோவா வரைந்த பெரிய முகங்களைக் கடைத்தெருவைச் சுற்றித் தேடிப் பாருங்கள், இங்கே கூட்டமே இருக்காது.

திரும்பும்போது துன் சார்டோன் சாலை வழியாக மலையைக் கடந்து வாருங்கள். மேலே காட்சிமேடை ஒன்று இருக்கிறது, அங்கிருந்து பாலிக் பூலாவ் முழுவதும் கீழே தெரியும்.

மூன்றாம் நாள் கோயில்களுக்கு. இது வார நாளாக அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள், சனி ஞாயிறில் கொடிமலை ரயில் வரிசை உங்கள் பாதி நாளை விழுங்கிவிடும். காலையில் முதலில் அந்த ரயிலுக்கே போங்கள், 204ஆம் எண் பேருந்து அடிவாரம் வரை விடும். 1923இல் ஓடத் தொடங்கிய இழுவை ரயில், இப்போதைய பெட்டிகள் 2011இல் வந்தவை, சில நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். மேலே குளிர்காற்றும் காட்சியும் போக, ஒரு முருகன் கோயிலும் அதன் அருகே பள்ளிவாசலும் உண்டு. காலை பத்துக்கு மேல் மேகம் மூடிவிடலாம், அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன்.

இறங்கிய பிறகு ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி. 1890களில் தொடங்கி இன்று வரை சேர்த்துக்கொண்டே வரும் மாபெரும் பௌத்தக் கோயில். அவசரப்படாமல் பார்க்க இரண்டரை மணி நேரமாவது வேண்டும். 1930இல் முடிந்த ஏழு நிலைக் கோபுரத்தைக் கவனித்துப் பாருங்கள். அடிப்பகுதி சீனப் பாணி, நடுப்பகுதி தாய்லாந்துப் பாணி, உச்சி பர்மியப் பாணி. அடிக்கல் நாட்டியவர் சயாம் மன்னர் ஆறாம் ராமா. மூன்று பௌத்த மரபும் ஒரே கோபுரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்பதற்குப் பினாங்கைத் தவிர வேறு எந்த ஊர் பொருத்தமாக இருந்திருக்கும்? அதற்கும் மேலே 30.2 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலை, 2002இல் நிறுவியது. கீழே கடைகள் நெருக்கமாக இருக்கும் படிக்கட்டு வழியாக ஏறுவதுதான் பழைய வழக்கம், பெரியவர்கள் இருப்பதால் நீங்கள் காரை மேலே வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். சிலைக்குப் போகச் சரிவு லிஃப்டும் இருக்கிறது, சிறு கட்டணம். படிக்கட்டுப் பாதையில் ஒரு குளம் முழுக்க ஆமைகள், பையன் கீரை வாங்கிப் போடுவான்.

மாலையில் தண்ணீர்மலை. மேலே இருக்கும் அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி, 2012இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில், நம் மக்கள் காசு சேர்த்துக் கட்டியது. முழங்கால் வலி உள்ளவர்களை ஏற்றாதீர்கள். அடிவாரத்திலேயே பிள்ளையார் கோயில் இருக்கிறது, சாலையோரத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலும் இருக்கிறது, படியே ஏறாமல் தரிசனம் செய்யலாம். செட்டிநாட்டுத் தேக்கும் விசாலமான கூடமுமாக, காரைக்குடிப் பக்கம் வந்துவிட்ட மாதிரியே இருக்கும். தைப்பூசத்துக்கு முதல்நாள் வெள்ளி ரதம் நகரத்துக்குள் இருக்கும் நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு இந்தக் கோயிலுக்குத்தான் வரும், வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், சீனர்கள் மலைமலையாகக் குவித்து வைத்து நமக்குச் சமமாக உடைப்பார்கள். பயணத்தை ஜனவரி கடைசிக்கோ பிப்ரவரிக்கோ மாற்ற முடியும் என்றால் தைப்பூசத்துக்கு வாருங்கள், டுரியான் கிடைக்காது, ஆனால் அதற்கு இது ஈடுதான்.

நேரம் மிச்சமிருந்தால் பூலாவ் தீக்கூஸ் பகுதியில் எதிரெதிரே நிற்கும் சயாமியக் கோயிலும் பர்மியக் கோயிலும். சயாமியக் கோயிலில் 33 மீட்டர் நீளச் சயன புத்தர், பர்மியக் கோயில் 1803இன் பழமை. அங்கே மாலை நாலரைக்கு முன்பே போய்விட வேண்டும், ஆகவே கெக் லோக் சிக்கும் தண்ணீர்மலைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கடைசி நாள் காலை சுவர்கள். ஏழரைக்கே நடக்கத் தொடங்குங்கள், ஒன்பதரைக்குள் முடித்துவிடலாம், அதற்கு மேல் வெயிலும் தாங்காது, சைக்கிள் ஓவியத்தின் முன்னால் வரிசையும் நிற்கும். லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஜக்கரேவிச் 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தவைதான் பேர்போனவை: ஆர்மீனியன் தெருவில் நிஜ சைக்கிளின்மேல் அக்காவும் தம்பியும், ஆ குவீ தெருவில் பழைய மோட்டார் சைக்கிள், கேனன் தெருவில் நாற்காலிமேல் ஏறிக் கையை நீட்டும் பையன், முன்ட்ரி தெருவில் ஜன்னல் விளிம்புகளைப் பிடித்துத் தொங்கும் நீலச் சட்டைச் சிறுமி. பாதி ஓவியம், பாதி நிஜப்பொருள், அதனால்தான் குழந்தைகள் ஓடிப்போய் அதில் சேர்ந்துகொள்கிறார்கள். சில வெளிறிவிட்டன. சுண்ணாம்புச் சுவர், உப்புக்காற்று, மழை, அது அப்படித்தான் ஆகும்.

எல்லா ஓவியத்தையும் வரைபடம் வைத்துக் குறி போட்டுக்கொண்டே போகாதீர்கள். அதைவிட இரும்புக் கம்பிச் சித்திரங்களை நின்று படியுங்கள். கறுப்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள், 52 இடங்களில் வைத்தார்கள், ஒவ்வொன்றும் அந்தத் தெருவின் கதையைச் சொல்லும். இந்த ஊரில் எந்தத் தெருவில் எந்தத் தொழில் நடந்தது, யார் குடியிருந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். உலகப் புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ பினாங்குக்காரர், அவர் தொழில் பழகிய இடத்திலும் ஒரு கம்பிச் சித்திரம் உண்டு. கிளாங் தெருவில் வோல்ச்கோவா வரைந்த இந்தியப் படகோட்டியைத் தவறவிடாதீர்கள். முதல்நாள் குயின் தெருவில் பார்த்த கோயிலை யார் கும்பிட்டார்கள் என்று அந்த முகம் சொல்லிவிடும்.

அப்படியே கரைப்பக்கம் வந்தால் சியூ ஜெட்டி, கடலுக்குள் கால் நட்டுக் கட்டிய மர வீடுகள், ஒரே குலத்தார் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற இடம். பலகைப் பாதையில் நடக்கலாம், வீட்டு வாசலுக்குள் எட்டிப் பார்க்கவோ உள்ளே இருப்பவர்களைப் படம் எடுக்கவோ வேண்டாம், அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். பசியாற லிட்டில் இந்தியா பக்கத்திலேயே.

விமான நிலையம் போகும் வழியில் பாம்புக் கோயில் வரும். சோர் சூ கோங் என்ற துறவிக்கு 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சீனக் கோயில், பீடத்தைச் சுற்றிக் கிளைகளில் பச்சைக் குழிவிரியன்கள் அசையாமல் கிடக்கும். இப்போது அவை குறைந்துவிட்டன, இருபது நிமிடத்துக்கு மேல் அங்கே வேலை இல்லை. விஷப்பாம்புதான், பகலில் சோம்பிக் கிடக்கிறதே என்று பையனைத் தொடவிடாதீர்கள். பாம்பைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதற்குக் காசு கேட்பார்கள், அது வேண்டாம், பாம்புக்கும் நல்லதல்ல.

பயண ஏற்பாடு பற்றிச் சுருக்கமாக: சென்னையிலிருந்து 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற ஏற்பாடு 2023 டிசம்பரில் வந்தது, 2026 முடியும் வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இணைய வருகை அட்டையை நிரப்ப வேண்டும், பையனுக்கும் சேர்த்து. அரசுத் தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். பேருந்தில் ஏறினால் சில்லறையாக ரிங்கிட் வைத்திருங்கள், ஓட்டுநர் மீதி தரமாட்டார். ஜூனில் மழை அவ்வளவாக இருக்காது, செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைதான் கொட்டும், இருந்தாலும் மடக்குக் குடை ஒன்று பையில் இருக்கட்டும், பாதி நேரம் வெயிலுக்குத்தான் விரிப்பீர்கள்.